மூட்டைப்பூச்சியும் பீடைகொல்லிக் கட்டுப்பாடும்

மனிதன் கண்ணயரும் நேரத்தையே தன் உணவுக் காலமாகக் கொண்ட உயிர்கள் சில உள. அவற்றுள் நுளம்பு பாடிக்கொண்டு வரும். மூட்டைப்பூச்சியோ ஓசையின்றி வரும். வடமொழியாளர் 'மற்குணம்' என வழங்கிய இச்சிற்றுயிர் பழங்கதைகளிலும் நகைச்சுவைத் தனிச்செய்யுட்களிலும் இடம்பெற்ற ஒன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், அறிவியல் இதனை வென்றுவிட்டதென்றே பலரும் எண்ணினர். அவ்வெண்ணம் பொய்த்தது. 1990களின் இறுதி தொட்டு இலண்டன், நியூயோர்க், சிட்னி முதலிய பெருநகரங்களில் மூட்டைப்பூச்சி மீண்டும் பெருகிற்று. 2023ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரெங்கும் அதுவே பேச்சாயிருந்தது. செல்வ நாடுகளிலே 'மீண்டு வந்த' இப்பூச்சி, நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் நெருக்கமான குடியிருப்புக்களை விட்டு முற்றாக நீங்கியது என்றுமே இல்லை.

இப்பெருக்கத்துக்குக் காரணம் யாது என்னும் வினாவைச் சுற்றி ஒரு விவாதம் எழுந்துள்ளது. 'வலிமை வாய்ந்த பூச்சிமருந்துகளை அரசுகள் தடைசெய்தன. அதனாலேயே மூட்டைப்பூச்சி மீண்டது. டி.டி.ரி. கையிலிருந்தால் ஒரே கிழமையில் அதனை ஒழித்துவிடலாம்' என்பர் ஒரு சாரார். 'நஞ்சு எவ்வகையினதாயினும் மனிதன் துயிலும் அறைக்குள் அதற்கு இடமில்லை' என்பர் மறுசாரார். இவ்விரு சாராரும் தத்தம் கட்சிக்குச் சான்று தேடுமிடத்து அடிக்கடி இலங்கையைச் சுட்டுதல் காணலாம். டி.டி.ரி.யின் எழுச்சியும் வீழ்ச்சியும் இத்தீவின் வரலாற்றில் ஆழமாகப் பதிந்திருத்தலே அதற்குக் காரணம். ஆதலின் இவ்விவாதத்தை ஆராய்தற்கு நாம் அயல்நாடு செல்லவேண்டியதில்லை. நம் நாட்டின் அனுபவமே போதிய விடை தரும்.

முதலில் பூச்சியின் இயல்பை அறிதல் நன்று. குளிர் நாடுகளில் 'சைமெக்ஸ் லெக்டுலாரியஸ்' என்னும் இனமும், நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் 'சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ்' என்னும் இனமும் பெரும்பான்மையாக வாழ்கின்றன. இரண்டும் சிறகற்றவை, தட்டையான உடலுடையவை, முதிர்ந்த பூச்சியின் நீளம் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஐந்து இளம்பருவங்களைக் கடந்தே முதிர்ச்சி எய்தும். ஒவ்வொரு பருவத்தைக் கடத்தற்கும் அது ஒரு முறையேனும் குருதி உண்ணல் வேண்டும். பெண்பூச்சி நாளொன்றுக்குச் சில முட்டைகளாகத் தன் வாழ்நாளிற் பல பத்து முதல் இருநூறு, முந்நூறு வரையில் இடும். அம்முட்டைகள் பலகை வெடிப்பு, கட்டிற் பொருத்து, மெத்தைத் தையல், சுவரின் பிளவு ஆகியவற்றிற் பசைபோல் ஒட்டிக்கிடந்து, ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாளிற் பொரிக்கும். முதிர்ந்த பூச்சி உணவின்றியும் பல கிழமைகள், குளிர்ந்த இடமாயின் பல மாதங்கள்கூட, உயிர்தாங்கியிருக்கும். அது நம் உடலில் வாழ்வதன்று. உண்டவுடன் தன் மறைவிடத்துக்குத் திரும்புவது. மறைவும் பொறுமையுமே அதன் படைக்கலங்கள். இவ்விரண்டையும் மறந்தவர் எம்மருந்தைக் கையாண்டும் பயனடையார்.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புமோ என்னும் ஐயம் பழையது. 1907ஆம் ஆண்டளவில் சென்னையில் ஆய்வு நடத்திய டபிள்யூ. எஸ். பற்றன் என்பார், காலா அசார் என்னும் கருங்காய்ச்சலை இப்பூச்சியே பரப்புகின்றதெனக் கருதினார். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் அப்பழியை மணல் ஈயின்மேற் சுமத்தி, மூட்டைப்பூச்சியை விடுவித்தன. மனிதரிடையே நோயைப் பரப்புவதாக இது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. ஆயினும் தீங்கற்றதென அதனைப் புறக்கணித்தலும் தகாது. இரவெல்லாம் உறக்கமின்மை, சொறிவதால் உண்டாகும் புண், இவற்றின் மேலாக அயலார் அறிந்தால் இழிவாகுமே என்னும் நாணம் — இவை ஏழைக் குடும்பத்தை வாட்டுவன. தேர்வுக்குப் படிக்கும் மாணவனும், விடியுமுன் துறைமுகத்துக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளியும் இழக்கும் உறக்கத்துக்கு எவரும் கணக்கெழுதுவதில்லை. நாணத்தால் மறைக்கப்படும் தொல்லை விரைவிற் பரவும் என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, டி.டி.ரி.யின் வரலாற்றை நோக்குவோம். இச்சேர்வை 1874இல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டதாயினும், அதன் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இற் கண்டறிந்தவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த போல் முல்லர் ஆவர். அதன்பொருட்டு அவருக்கு 1948இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இலங்கை இம்மருந்தை ஆவலோடு வரவேற்றமைக்குத் தக்க காரணம் உண்டு. 1934-35ஆம் ஆண்டுகளிற் கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். உலகப் போர் முடிந்ததும், 1946 முதல் வீட்டுச் சுவர்களின் உட்புறத்தில் டி.டி.ரி. தெளிக்கும் பணி நாடளாவ நடைபெற்றது. 1946இல் ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த மொத்த மரண வீதம், அடுத்த ஆண்டிலேயே 14.3 ஆகக் குறைந்தது. இக்குறைவு முழுவதையும் டி.டி.ரி.க்கே உரித்தாக்கலாமா என்பது பற்றி அறிஞர் வாதிட்டனரெனினும், மலேரியா பின்வாங்கியதை மறுப்பார் எவருமிலர். 1963இற் பதிவான மலேரியா நோயாளர் பதினெழுவர் மட்டுமே.

இதன் பின் நிகழ்ந்ததே விவாதத்திற் பெரிதும் திரித்துரைக்கப்படுவது. 'இறேச்சல் கார்சன் 1962இல் எழுதிய நூலினால் அஞ்சிய இலங்கை டி.டி.ரி.யைத் தடைசெய்தது, உடனே மலேரியா மீண்டது' என ஒரு கதை வழங்குகின்றது. உண்மை அதுவன்று. நோய் ஏறத்தாழ ஒழிந்துவிட்டது என்னும் நம்பிக்கையினாலேயே 1964இல் தெளிப்புப் பணி நிறுத்தப்பட்டது. கண்காணிப்புத் தளர்ந்த நிலையில், 1967க்குப் பின் நோய் கிளர்ந்தெழுந்து, 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிற்று. டி.டி.ரி. தடைசெய்யப்பட்டிருக்கவில்லை, மீண்டும் கொணரப்பட்டுத் தெளிக்கப்பட்டது. ஆனால் மருந்து முன்போல் வேலை செய்யவில்லை. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. ஆகவே 1970களின் பிற்பகுதியில் டி.டி.ரி.க்கு மாற்றாக மலத்தியன் கொள்ளப்பட்டது. தடை மருந்தைத் தோற்கடிக்கவில்லை. தோற்ற மருந்தே கைவிடப்பட்டது என்க.

நுளம்புக்கு நேர்ந்ததே மூட்டைப்பூச்சிக்கும் நேர்ந்தது. அதுவும் மிக முன்னதாகவே நேர்ந்தது. ஹவாய்த் தீவிலுள்ள பேர்ள் துறைமுகத்துக் கடற்படைக் குடியிருப்புக்களில், டி.டி.ரி.க்கு மடியாத மூட்டைப்பூச்சிகள் 1947இலேயே காணப்பட்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகள் வேளாண்மையில் டி.டி.ரி.யைத் தடைசெய்தது 1972இல். எனவே, தடைக்கு இருபத்தைந்து ஆண்டு முன்னரே பூச்சி மருந்தை வெல்லத் தொடங்கிவிட்டது. 1950களில் வெப்ப நாடுகள் பலவற்றிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. மலேரியாவுக்கென மருந்து தெளிக்கப்பட்ட வீடுகள் சிலவற்றில், எதிர்ப்பாற்றல் பெற்ற மூட்டைப்பூச்சிகள் மருந்தின் உறுத்தலால் வெடிப்புக்களை விட்டுப் பகலிலும் வெளியேறி அலைந்தன. 'இம்மருந்துதான் மூட்டையைக் கொணர்ந்தது' என்று வெகுண்ட குடிமக்கள் தெளிப்போரை வீட்டினுள் விட மறுத்தனர். ஒரு பூச்சியின் எதிர்ப்பு, மற்றொரு பூச்சியினால் வரும் நோயைத் தடுக்கும் பணிக்கும் இடையூறாயிற்று.

எதிர்ப்பாற்றல் என்பது யாது? மருந்தை உண்டு உண்டு பூச்சி பழகிவிடுகின்றது எனப் பலர் கருதுவர். அது பிழை. தனியொரு பூச்சி பழகுவதில்லை. கூட்டத்தின் அமைப்பே மாறுகின்றது. ஓர் அறையில் ஆயிரம் பூச்சிகள் இருப்பின், பிறப்பிலேயே மருந்தைத் தாங்கும் இயல்புடையன சில இருத்தல் கூடும். மருந்து மற்றவற்றைக் கொன்று, அச்சிலவற்றுக்கு இடத்தையும் உணவையும் விட்டுவைக்கின்றது. அவற்றின் வழித்தோன்றல்களே அடுத்த ஆண்டின் கூட்டமாகின்றன. மருந்து மிகுதியாகவும் அடிக்கடியும் தெளிக்கப்படுந்தோறும் இத்தெரிவு விரைந்து நிகழும். மருந்து பூச்சியை வலியதாக்குவதன்று, வலியதைத் தெரிந்தெடுப்பது.

இவ்வெதிர்ப்பின் மற்றொரு கூறும் அறியத்தக்கது. இன்று கடைகளிற் பெரும்பாலும் விற்கப்படும் வீட்டுத் தெளிப்புக்கள் பைரெத்ரொயிட் வகையைச் சேர்ந்தவை. செவ்வந்தி இனப் பூவொன்றில் இயற்கையாக உள்ள நஞ்சைப் பின்பற்றி ஆக்கப்பட்டவை இவை. டி.டி.ரி.யும் பைரெத்ரொயிட்டுகளும் வேதியமைப்பில் வேறாயினும், பூச்சியின் நரம்பில் ஒரே வாயிலையே தாக்குகின்றன. சோடியம் நுழையும் வழியே அவ்வாயில். அவ்வாயிலின் அமைப்பிற் சிறு மாற்றம் பெற்ற பூச்சி இரண்டையும் ஒருங்கே தாங்க வல்லது. எனவே, பைரெத்ரொயிட் தோற்ற இடத்தில் டி.டி.ரி.யை மீட்டுக் கொணர்வோம் என்பது, பூட்டு மாற்றப்பட்ட கதவைப் பழைய திறவுகோலால் திறக்க முயல்வது போலாம். இலங்கை மூட்டைப்பூச்சிகளைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கருணாரத்னவும் உடனாய்வாளரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, டி.டி.ரி., மலத்தியன் உட்பட ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அவை எதிர்ப்புக் கொண்டிருத்தலைக் காட்டிற்று. 2019இல் வெளிவந்த தொடராய்வு, மேற்கூறிய நரம்பு வாயிலின் மரபணு மாற்றங்களையும் அவற்றிற் கண்டறிந்தது. ஆகவே 'டி.டி.ரி. இருந்திருந்தால்' என்னும் ஏக்கத்துக்கு நம் நாட்டுப் பூச்சியே விடை கூறிவிட்டது.

இவ்வாறாயின், தடை நீக்கக் கோருவோர் கூற்றில் உண்மையே இல்லையோ எனின், உண்டு. அவர்களுடைய இடர்ப்பாடு உண்மையானது. 2009இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலம், மூட்டைப்பூச்சித் தொல்லை பொறுக்கமாட்டாது, புரொப்பொக்சர் என்னும் மருந்தை வீட்டறைகளிற் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டிற்று. அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 2010இல் அதனை மறுத்தது. துயிலறையில் தவழ்ந்தும் விளையாடியும் வாழும் குழந்தைகளின் நரம்பு மண்டலத்துக்கு அம்மருந்து கேடு செய்யும் என்பதே மறுப்புக்குக் காட்டிய காரணம். தொல்லையுற்றோர் சினந்தனர். மறுத்தவர் நியாயத்தை மறுக்க இயலாது. ஆனால் சினந்தவர்க்கு மாற்றுவழி யாது என்ற வினாவும் எஞ்சி நின்றது. அதே நாட்டில், 2003 முதல் 2010 வரை ஏழு மாநிலங்களில், மூட்டைப்பூச்சிக்கென மருந்தடித்ததனால் நோயுற்ற 111 பேரைச் சுகாதார அதிகாரிகள் பதிவுசெய்தனர்; அவருள் ஒருவர் இறந்தார். மூட்டைப்பூச்சி கடித்து இறந்தார் என ஒருவரையும் காட்டுதல் அரிது. மூட்டைப்பூச்சி மருந்தால் இறந்தார் உளர். இம்முரண்பாடே கட்டுப்பாட்டின் தேவையை விளக்கப் போதியது.

பீடைகொல்லிக் கட்டுப்பாட்டினால் மனித உயிர் காக்கப்படுதலை உலகுக்குக் காட்டிய நாடு இலங்கையே எனலாம். பேராசிரியர் ஜெ. ஜெயரத்தினமும் உடனாய்வாளரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சூட்டினால் மருத்துவமனைகளிற் சேர்க்கப்படுவதையும், ஏறக்குறைய 1,000 பேர் இறப்பதையும் வெளிக்கொணர்ந்தது. அக்காலத்தை அடுத்து, 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பீடைகொல்லிப் பதிவாளர் பதவி ஏற்பட்டது. பரத்தியன் முதலிய கொடிய நஞ்சுகள் 1984இலும், மிகக் கொடியன என உலக சுகாதார தாபனம் வகுத்தவற்றுள் எஞ்சியவை 1995இலும், என்டோசல்பான் 1998இலும் விலக்கப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24 ஆகக் குறைந்தது. 1995 முதல் 2015 வரையில் இத்தடைகளாற் காக்கப்பட்ட உயிர்கள் ஏறக்குறைய 93,000 என 2017இல் வெளிவந்த மதிப்பீடொன்று கூறுகின்றது. நெல் விளைச்சல் இவற்றாற் குன்றவில்லை என்பதும் ஆராய்ந்து காணப்பட்டது. மனக்கலக்கமுற்ற ஒரு கணத்தில் மனிதன் கைக்கெட்டும் பொருள் எத்துணைக் கொடியது என்பதே அவன் வாழ்வதையும் மாள்வதையும் தீர்மானிக்கின்றது. அப்பொருள் வயலுக்கென வாங்கப்பட்டதோ மூட்டைப்பூச்சிக்கென வாங்கப்பட்டதோ, உயிருக்கு வேறுபாடில்லை.

கட்டுப்பாடு உயிரைக் காப்பதோடன்றி, மருந்தின் வலிமையையும் காக்க வல்லது. மலேரியா எதிர்ப்புப் பணிக்கு மலத்தியனைத் தெரிந்தபோது, அதனை வேளாண்மையிற் பயன்படுத்தாதவாறு அரசு தடுத்து, நோய்த்தடுப்புக்கெனவே ஒதுக்கி வைத்தது. வயலெங்கும் தெளிக்கப்பட்டிருப்பின், நுளம்பு அதற்கும் விரைவில் எதிர்ப்புப் பெற்றிருக்கும். இவ்வொதுக்கீட்டினால் மலத்தியன் பல்லாண்டு பயன்பட்டது. பின்னர் வேறு மருந்துகளும், மருந்தூட்டிய வலைகளும், விடாத கண்காணிப்பும் சேர்ந்து, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளர் இலர் என்னும் நிலையை எய்தி, 2016இல் உலக சுகாதார தாபனத்தின் சான்றிதழையும் இலங்கை பெற்றது. மருந்தை ஊற்றியவர் வென்றிலர். மருந்தை அளந்து பயன்படுத்தி, நோயைத் தேடிச் சென்றவரே வென்றனர்.

எனினும், கட்டுப்பாடு எதுவாயினும் நன்றே என முடிவு செய்தலும் தவறு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களையும் வேளாண் இரசாயனங்களையும் இறக்குமதி செய்தல் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மாற்று ஏற்பாடு இல்லை. உழவர்க்குப் பயிற்சி இல்லை. விளைச்சல் வீழ்ந்தது, உழவர் வீதிக்கு வந்தனர், அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. முன்னைய தடைகள் நஞ்சுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தீங்கு குறைந்த மாற்றுள்ள இடத்திற் படிப்படியாக நிகழ்ந்தவை; அதனால் வென்றன. பின்னையது ஆராயாது ஒரே நாளில் நிகழ்ந்தது, அதனால் தோற்றது. ஒரு கையாற் பறிப்பவர் மறுகையாற் கொடுத்தல் வேண்டும் என்பதே இவ்விரண்டையும் ஒப்பிட்டு நாம் பெறும் பாடம்.

இப்பாடத்தை நம் நகரத்தின் துயிலறைகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தை அடுத்துள்ள மட்டக்குளி, முகத்துவாரம், அப்பாலுள்ள கொட்டாஞ்சேனை ஆகிய வட கொழும்புப் பகுதிகளில், ஒரே சுவரைப் பகிரும் வரிசை வீடுகளும், பலகையால் மறித்த வாடகை அறைகளும், அடுக்குமாடிக் குடியிருப்புக்களும் மலிந்துள்ளன. ஒரு வீட்டார் மருந்தடித்தால், பூச்சி பலகை இடுக்கின் வழியே அடுத்த வீட்டுக்குச் செல்லும். அங்கே அடித்தால் மீண்டு வரும். பணமுள்ளவர் ஆளை அழைப்பர்; இல்லாதவர் பெயரெழுதாத புட்டியில் யாரோ கொடுத்த நீர்மத்தை வாங்குவர். வயலுக்கென ஆக்கிய நஞ்சு பாயிலும் தலையணையிலும் பூசப்படுவது இவ்வழியாலேயே. கட்டுப்பாடு நூலிலும், நஞ்சு கட்டிலிலும் இருக்கும் நிலை இது.

பஞ்சதந்திரத்திற் சீலைப்பேனும் மூட்டைப்பூச்சியும் பற்றிய கதை ஒன்று உண்டு. அரசனது பஞ்சணையில் நெடுநாள் அமைதியாக வாழ்ந்த சீலைப்பேன், விருந்தாக வந்த மூட்டைப்பூச்சிக்கு இடங்கொடுத்தது. அரசன் அயர்ந்து உறங்கும்வரை பொறுக்கமாட்டாத மூட்டைப்பூச்சி அவனைக் கடித்துவிட்டுக் கட்டிலின் இடுக்கில் மறைந்தது. விளக்கேந்தி வந்த ஏவலர் கண்ணிற் பட்டதோ சீலைப்பேன், மாண்டது அதுவே. இயல்பறியாதவர்க்கு இடங்கொடாதே என்பது கதாசிரியர் கருத்து. நாம் மற்றொன்றும் கொள்ளலாம்: இடுக்கில் இருப்பதை விட்டு, வெளியில் இருப்பதைத் தாக்குதல் சினங்கொண்டு தேடுவோர் இயல்பு. துயிலறையில் தெளிக்கும் நஞ்சும் அத்தகையதே. வெடிப்பினுள் இருக்கும் பூச்சியையும் முட்டையையும் அது தீண்டாமற் போகலாம். பாயிற் கிடக்கும் குழந்தையைத் தீண்டாமற் போகாது.

இஃது அணியுரை அன்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் கொழும்பிலுள்ள தங்கும் விடுதியொன்றில் தங்கியிருந்த அயல்நாட்டு இளம் பெண்கள் இருவர் இறந்தனர். அவ்விடுதியின் அறையொன்றில் மூட்டைப்பூச்சியை ஒழிக்கப் புகையூட்டப்பட்டிருந்ததெனச் செய்தியேடுகள் தெரிவித்தன. அதற்குச் சில மாதம் முன்னர், 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்கென வீட்டினுள் வைத்த மருந்தின் ஆவியால் குழந்தைகள் இருவர் மாண்டனர். தானியக் களஞ்சியங்களுக்கென ஆக்கப்பட்ட அலுமினியம் பொசுபைட்டு வில்லைகள் காற்றின் ஈரத்தோடு கலந்து பொசுபீன் என்னும் கொடிய வாயுவை வெளிவிடுவன. அவ்வாயு சுவரிடுக்கின் வழியே அடுத்த அறைக்கும் செல்லும். மனிதர் வாழும் வீட்டில் அவற்றுக்கு எவ்வகையிலும் இடமில்லை.

ஆயின் செய்யத்தக்கது யாது? பூச்சியின் மறைவையும் பொறுமையையும் நாம் முன்னர்க் கண்டோம். அவ்விரண்டையும் வெல்லும் வழிகள் உள. முதலாவது வெப்பம். முட்டை முதல் முதிர்ந்த பூச்சி வரை எப்பருவமும் 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்காது; எதிர்ப்பாற்றலும் இங்கே உதவாது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, நுளம்பு வலை, உடை ஆகியவற்றை 60 பாகை வெப்பமுள்ள நீரில் தோய்த்தல் போதியது. கட்டிற் சட்டத்தை முற்றத்துக்குக் கொணர்ந்து பொருத்துக்களிற் கொதிநீர் ஊற்றும் நம் முன்னோர் வழக்கம் அறிவியலுக்கு முற்றும் ஒத்ததே. மெத்தையை வெயிலிற் போடுதல் நன்றெனினும், அதன் உட்பகுதி போதிய வெப்பம் அடையாமையின் அதனை மட்டும் நம்புதல் தகாது. மண்ணெண்ணெய் பூசும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். பூச்சியினும் தீ கொடிது.

இரண்டாவது, மறைவிடத்தை ஒழித்தல். சுவர் வெடிப்பையும் பலகை இடுக்கையும் சீமெந்தாலோ சாந்தாலோ அடைத்தல், கட்டிலைச் சுவரிலிருந்து விலக்கி வைத்தல், பழைய தளபாடம் வாங்கும்போதும் பயணம் முடிந்து பெட்டியைத் திறக்கும்போதும் தையல்களை விளக்கொளியில் ஆராய்தல் ஆகியன இதன்பாற்படும். கட்டிற் கால்களின்கீழ் வழவழப்பான கிண்ணம் வைத்தால் பூச்சி ஏறமாட்டாதென மேல்நாட்டார் கூறுவர். அஃது அவர்கள் நாட்டு இனத்துக்கே பொருந்தும். நம் நாட்டு இனம் வழவழப்பான பரப்பிலும் ஏற வல்லதென 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அயலார் அறிவுரையை நம் சூழலில் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சிறு சான்று.

மூன்றாவது, மீண்டும் செய்தல். முட்டை பொரிக்க ஏறக்குறைய பத்து நாள் ஆகுமாதலின், ஒருமுறை செய்து ஓய்ந்தவர் தோற்பர். பத்து நாள் இடைவிட்டு இருமுறை, மும்முறை செய்தவர் வெல்வர். இவற்றின் பின்னும் மருந்து வேண்டின், பதிவாளரால் வீட்டுப் பயனுக்கென அனுமதிக்கப்பட்டதை, பயிற்சி பெற்றவர் கையால், வெடிப்புக்களில் மட்டும் இடுவிக்க வேண்டும். மருந்தை நாம் வெறுப்பதில்லை; அது கடைசியில் வரவேண்டிய துணையன்றி முதலில் வரவேண்டிய படையன்று.

நான்காவதே தலையாயது. அது கூட்டுமுயற்சி. ஒரு சுவரைப் பகிர்வோர் ஒரே நாளில் இவற்றைச் செய்தாலன்றிப் பயன் நிலைக்காது. இதற்கு நாணம் நீங்கல் வேண்டும். மூட்டைப்பூச்சி அழுக்கின் அடையாளமன்று. மாளிகைக்கும் வரும், குடிசைக்கும் வரும். நுளம்பை ஒழிக்க வீடுதோறும் செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மூட்டைப்பூச்சி பற்றியும் அறிவுரை கூறலாம். மாநகர சபை, நெருக்கமான குடியிருப்புக்களில் கொதிநீராவிக் கருவியொன்றைப் பொதுவில் வைத்து உதவலாம். தனியார் மருந்தடிப்போர் பயிற்சியும் அனுமதியும் பெற்றவரா என்பதைக் கண்டிப்பாகச் சோதிக்கலாம். இவை பெருஞ்செலவினவல்ல. நஞ்சை விலக்கும் சட்டம் ஏழையின் வீட்டு வாயிலில் நின்றுவிடாது, அவன் உறங்கும் இடம்வரை சென்று உதவும் வழி இதுவே.

சுருங்கக் கூறின், கட்டுப்பாட்டினால் மூட்டைப்பூச்சி மீண்டதென்பது வரலாற்றுக்கு ஒவ்வாத கூற்று. அளவிறந்த பயன்பாட்டினாலேயே மருந்து தன் வலியை இழந்தது. கட்டுப்பாடு பல்லாயிரம் உயிரைக் காத்தது; மருந்தின் ஆற்றலையும் ஓரளவு காத்தது. ஆனால் 'இதைத் தொடாதே' என்று கூறும் அரசுக்கும் அறிஞர்க்கும், 'இதைச் செய்' என்று காட்டும் கடமையும் உண்டு. உறக்கமிழந்தவனுக்கு நஞ்சையும் மறுத்து வழியையும் காட்டாதுவிடின், அவன் பெயரில்லாப் புட்டியையே நாடுவான். கல்லூரிகளிற் பயிலும் மாணவர், தாம் கற்ற உயிரியலையும் வேதியியலையும் முதலிற் பயன்படுத்தத் தக்க ஆய்வுகூடம் தத்தம் இல்லமே என்பதை உணர்வாராயின், தம் ஒழுங்கையிலுள்ள பத்து வீட்டாருக்கேனும் நிம்மதியான உறக்கத்தை மீட்டுக் கொடுத்தல் அவர்க்கு அரிதன்று.